ஓடும்போது மறைந்த கடலடி: படகின் உட்புறம் பொருத்திய சோனார் டிரான்ஸ்டியூசர் குறித்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

6.4 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு அது. வி வடிவ அடிப்பகுதி, பின்பலகை அருகே சரிவு ஏறத்தாழ 18 டிகிரி. ஒற்றை அவுட்போர்டு எஞ்சின், கரையில் டிரெய்லரில் நிறுத்தி வைத்து வேண்டும்போது இறக்குகிற படகு. உரிமையாளர் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர். கடலடியில் பாறை எங்கே எழுகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துத்தான் நங்கூரம் போடுவார். ஒலியை அனுப்பி ஆழத்தை அறியும் சோனார் அவருக்கு அலங்காரச் சாமான் அல்ல.

தொடக்கத்தில், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசர் பின்பலகையின் வெளிப்புறம் தொங்கிக்கொண்டிருந்தது. மிதந்து வந்த கட்டையொன்று மோதி அதன் பிடி முறிந்தது. மாற்றிப் போட்டதும் டிரெய்லரில் ஏற்றும்போது உடைந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட்டுப் பொருத்துவதில் அவருக்கு விருப்பமில்லை. அதனால் ஹல்லின் (படகின் உடல்) உட்புறம் ஒட்டி, ஃபைபரின் ஊடாகவே ஒலியை அனுப்பும் வகையை வாங்கினார். 50 மற்றும் 200 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் வட்ட வடிவப் பக் (வில்லை போன்ற டிரான்ஸ்டியூசர்) அது. வேறொருவர் ஒட்டிக் கொடுத்தார். பில்ஜ் (படகின் அடியில் நீர் தேங்கும் இடம்) பம்புக்குப் பக்கத்தில், பின்பலகையிலிருந்து ஒரு அடிக்கும் சற்றே குறைவான தூரத்தில், வலப்புறம். கை எளிதாக எட்டும் இடம்.

இப்படி உள்ளிருந்து சுடும் முறை புதிதல்ல. கெட்டியான ஃபைபராக இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். மர ஹல் ஒலியை விழுங்கிவிடும். நடுவில் நுரையோ பால்சா மரமோ வைத்த ஃபைபர் இன்னும் மோசம். உலோகப் படகுகளுக்கும் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை. பக்கவாட்டுக் காட்சி தரும் 455, 800 கிலோஹெர்ட்ஸ் வகைகளை உள்ளே ஒட்டிப் பயனில்லை. அவ்வளவு உயர்ந்த அலைவரிசை ஃபைபருக்குள்ளேயே தேய்ந்துபோகும்.

## வந்த புகார்

படகு எங்கள் பட்டறைக்கு வந்தபோது புகார் இதுதான். நங்கூரமிட்டு நின்றால் ஆழம் காட்டுகிறது, ஆனால் 40 மீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு வருகிறது. எஞ்சினை முடுக்கி 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போனால் எண் அப்படியே உறைந்து நிற்கிறது, அல்லது மின்னுகிறது. சில சமயம் 1.2 மீட்டர் என்று ஒரு பொய்யான எண் வருகிறது. 60 மீட்டர் ஆழத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மீட்டர் என்று காட்டினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

கெயினை, அதாவது திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் அளவைக் கூட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டினார். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்தது, கடலடி வரவில்லை. கடைசியில் திரையே பழுது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"மெஷின்தான் போச்சுன்னு சொல்றாங்க. புதுசு வாங்கிடட்டுமா அண்ணே?" என்றார்.

கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம். ஒரே புகாரில் இரண்டு விதமான நடத்தை இருந்தது. நிற்கும்போது ஆழத்தில் தடுமாறுவது ஒன்று, ஓடும்போது அடியோடு மறைவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

## முதலில் பார்த்தவை

மின்சாரத்திலிருந்து தொடங்கினோம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தது. எஞ்சின் ஓடும்போது திரையின் பிளக்கில் அளந்த வோல்டேஜ் பேட்டரி முனையில் இருந்ததை ஏறத்தாழ ஒத்திருந்தது. டிரான்ஸ்டியூசர் கேபிளில் வெட்டோ ஒட்டோ இல்லை, இணைப்பு முனையில் பச்சை பூத்திருக்கவில்லை. ஆனால் கேபிள் எஞ்சினின் ஒயர்க் கட்டோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தது. அதைக் குறித்துக்கொண்டோம்.

அடுத்து திரை பழுதா இல்லையா என்று அறியும் சோதனை. அதே திரைக்குப் பொருந்தும் வேறொரு டிரான்ஸ்டியூசரை ஒரு குச்சியில் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, படகின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் நேரடியாக இறக்கினோம். ஆழம் 55 மீட்டர். கடலடி தடித்த கோடாக வந்தது. அதற்குக் கீழே இருமடங்கு ஆழத்தில் இரண்டாம் எதிரொலியும் மங்கலாகத் தெரிந்தது. திரையில் குறையில்லை. அதே இடத்தில் உள்ளே ஒட்டியிருந்ததை இணைத்தபோது கோடு உடைந்து உடைந்து வந்தது.

இந்த ஒப்பீட்டை ஆட்டோ கெயினில் செய்யக்கூடாது. வரும் ஒலி குறையக் குறைய இயந்திரம் தானாகவே கெயினை ஏற்றிக்கொள்ளும். நல்ல பொருத்தமும் மோசமான பொருத்தமும் ஆழம் குறைந்த நீரில் ஒரேமாதிரி தெரிவது அதனால்தான். கையால் கெயினைக் குறைத்துக்கொண்டே வந்து, கடலடி மறையப்போகும் புள்ளியைக் குறித்தோம். வெளியே தொங்கவிட்டதற்கு 35 சதவீதம் போதும். உள்ளே ஒட்டியதற்கு 80 சதவீதம் தேவைப்பட்டது. இந்த எண்கள் அந்தத் திரைக்கு மட்டும் உரியவை, வேறு தயாரிப்போடு ஒப்பிட முடியாது. ஆனால் ஒரே திரையில், ஒரே இடத்தில் எடுத்த இரண்டு எண்களின் இடைவெளி ஒலிப்பாதை எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

ஹல்லின் ஊடாகப் போனாலே கொஞ்சம் இழப்பு உண்டு. ஒலி போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இரண்டு தடவை ஃபைபரைக் கடக்கிறது. ஆனால் இந்த அளவு இடைவெளிக்கு ஃபைபர் மட்டும் காரணமாக முடியாது.

## படகை மேலே ஏற்றிப் பார்த்தபோது

டிரெய்லரில் ஏற்றி, கீழே படுத்துப் பார்த்தோம். டிரான்ஸ்டியூசர் இருந்த இடத்துக்கு நேர் முன்னால், ஒரு கை நீளத்தில், உயிர்மீன் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும் ஸ்கூப் துருத்திக்கொண்டிருந்தது. அதை ஒட்டி ஹல்லின் நீளவாட்டில் வரும் புடைப்பு விளிம்பு ஒன்றும் அங்கேயே முடிந்தது. படகு வேகமெடுத்தால் இந்த இரண்டும் காற்றுக்குமிழிகளைக் கிளப்பிப் பின்னால் அனுப்பும். அந்தக் குமிழிப் படலம் நேராக டிரான்ஸ்டியூசரின் கீழே போய்ச் சேரும்.

காற்று ஏன் இவ்வளவு பெரிய எதிரி? தண்ணீரின் ஒலி மறிப்பு (ஒலிக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) சுமார் 15 லட்சம் ரேல் (அதன் அலகு), காற்றினுடையது சுமார் 400 ரேல்தான். இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் ஒலி ஆற்றலில் ஏறத்தாழ 99.9 சதவீதம் திரும்பிவிடும். காகிதத் தடிமனுள்ள காற்று இடைவெளி போதும், கதவு சாத்தியதுதான். காற்று ஹல்லின் உள்ளே பசையில் இருக்கிறதா, வெளியே தண்ணீரில் இருக்கிறதா என்று ஒலி வேறுபாடு பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு.

உள்ளே ஹல்லின் கட்டுமானத்தையும் அறிய வேண்டியிருந்தது. நாணயத்தால் தட்டிக்கொண்டே முன்னோக்கிப் போனோம். பின்பலகையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் வரை 'டக் டக்' என்று கூர்மையான சத்தம். அதற்கு முன்னால் மெத்தையை அடித்த மாதிரி மங்கியது. பின்பகுதி கெட்டி ஃபைபர், நடுப்பகுதியில் உள்ளே நுரை இருக்கிறது என்று முடிவுகட்டினோம். வடிகால் துளையின் விளிம்பில் அளந்தபோது பின்பகுதித் தடிமன் 12 மில்லிமீட்டர், இடையில் வேறு பொருள் எதுவும் இல்லை. தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பி யாரும் வெட்டக்கூடாது. கட்டியவரைக் கேட்க முடிந்தால் கேட்பது நல்லது. இங்கே துளையின் விளிம்பு கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

## பழையதைப் பெயர்த்தபோது

பக்கைச் சுற்றியிருந்த எபாக்ஸிப் பசையை அதிரும் பிளேடால் கீறி, அடியில் மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டினோம். மேலே நெம்பியிருந்தால் பக்கின் முகம் பிளந்திருக்கும், இல்லையென்றால் ஹல்லின் ஃபைபர் அடுக்கு உரிந்து வந்திருக்கும். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கழன்றது. அதுவே ஒரு செய்தி.

கழன்ற எபாக்ஸித் தகட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுக்கச் சாம்பல் நிறம். பில்ஜில் அடித்திருந்த பெயின்ட் அப்படியே உரிந்து அதில் ஒட்டியிருந்தது. அதாவது எபாக்ஸி ஃபைபரைப் பிடிக்கவே இல்லை, பெயின்டைத்தான் பிடித்திருந்தது. பெயின்டுக்கும் ஃபைபருக்கும் இடையே ஈரம் புகுந்து பாதி இடம் தூக்கியிருந்தது. தகட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே குமிழிகள். பெரியவை கடுகளவு, சிறியவை கண்ணுக்குப் பனி போலத் தெரிந்தன. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியை வேகமாகக் கலக்கியிருக்கிறார்கள். அடித்துக் கலக்கிய காற்று மேலே வந்து வெடிக்க நேரம் கிடைக்கும் முன்பே இறுகிவிட்டது. ஹல்லின் உள்முகத்தில் ரோவிங் என்ற தடித்த கண்ணாடியிழைத் துணியின் முரட்டு நெசவு அப்படியே தெரிந்தது. ஒவ்வொரு இழைக்கட்டின் இடுக்கிலும் எபாக்ஸி இறங்காத குழிகள்.

200 கிலோஹெர்ட்ஸில் தண்ணீரில் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர், 50 கிலோஹெர்ட்ஸில் 30 மில்லிமீட்டர். இந்தக் குமிழிகள் ஒவ்வொன்றும் அலைநீளத்தைவிட மிகச் சிறியவைதாம். ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே தளத்தில் பரவிக் கிடந்தால் சேர்ந்து ஒரு தடுப்பாகிவிடுகின்றன.

பக்கின் முகத்தில் ஒட்டியிருந்ததை நுண்ணிய தாளால் மெல்லத் தேய்த்து எடுத்து, நேரடியாகத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தோம். மாற்று டிரான்ஸ்டியூசர் காட்டியதையே இதுவும் காட்டியது. பழையதையே பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. உரிமையாளர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

## ஒட்டும் முன் ஓட்டிப் பார்த்தது

இங்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. பசைதான் கெட்டது என்று கண்ணெதிரே தெரிகிறது. அதே இடத்தைச் சுத்தம் செய்து நல்ல எபாக்ஸி போட்டு ஒட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும். நின்ற நிலையில் சோதித்தால் பிரமாதமாகவும் இருக்கும். வேகத்தில் மறைவதற்கும் பசைதான் காரணமா, ஸ்கூப்பா என்று தெரியாமல் நிரந்தரமாக ஒட்ட எங்களுக்கு மனமில்லை. ஒட்டிய பிறகு இடத்தை மாற்றுவது என்றால் மறுபடி இதே பெயர்ப்பு வேலை.

அதனால் ஒட்டாமலே ஓட்டிப் பார்க்க ஒரு தற்காலிக ஏற்பாடு. பிளாஸ்டிக் குழாய்த் துண்டை ஹல்லின் சரிவுக்கு ஏற்பச் சாய்வாக வெட்டி, அடியில் களிம்பு போன்ற மென்மையான புட்டியைச் சுற்றி அழுத்தி ஹல்லில் உட்கார வைத்தோம். உள்ளே தண்ணீர் ஊற்றி, பக்கை மூழ்க வைத்து, மேலே சிறு எடை. வேகத்தில் குதிக்காதிருக்க ஒரு பட்டையால் இறுக்கினோம். நின்ற நிலையில் மட்டும் பார்ப்பதானால் இதுகூடத் தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, காற்றைப் பிதுக்கி எடுத்து, பக்கை உள்ளே வைத்து ஈரமான ஹல்லின் மேல் அழுத்தினாலே போதும்.

சோதித்த இடம் எல்லாவற்றிலும் முதலில் பெயின்டைச் சுரண்டி எடுத்தோம்.

பழைய இடத்தில், தண்ணீர் வழியாகத் தொடர்பு கொடுத்தபோது, நின்ற நிலையில் கடலடி பளிச்சென்று வந்தது. 12 நாட்டைத் தொட்டதும் போய்விட்டது. இரண்டாவது குறை தனியே இருக்கிறது என்பது அத்தோடு உறுதியானது. எவ்வளவு நல்ல பசை போட்டாலும் அந்த இடம் உதவாது.

உரிமையாளர் விரும்பியது நடுப்பகுதி, பெஞ்சுக்கு அடியில், கேபிள் குறுகிய தூரம் போனால் போதும். அங்கே நின்ற நிலையிலேயே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நுரை ஒலியைத் தின்றுவிட்டது. உள்தோலை வெட்டி, நுரையை எடுத்து, வெளித்தோலில் ஒட்டும் வழி உண்டு. அந்த வெட்டின் ஓரங்களை ரெசினால் முழுமையாக அடைக்காவிட்டால் நுரைக்குள் தண்ணீர் ஊறும், வெளித்தோல் தனியாக நின்று பலமும் குறையும். அதோடு வேகத்தில் வி வடிவப் படகின் முன்பாதி தண்ணீரை விட்டு எழும்பிவிடும். அந்த யோசனையைக் கைவிட்டோம்.

மூன்றாவது இடம் இடப்புறம், நடுக்கோட்டுக்கும் முதல் புடைப்புக்கும் இடையே, பின்பலகையிலிருந்து முக்கால் மீட்டர் முன்னே. வெளியே அதற்கு முன்னால் அணியம் (படகின் முன்முனை) வரை எந்தத் துருத்தலும் இல்லை. 24 நாட்டில் கடலடிக் கோடு உடையாமல் வந்தது. வழக்கமான வலஞ்சுழி புரொப்பெல்லர் என்றால் டிரான்ஸ்டியூசரை வலப்புறம் வை என்பது பின்பலகையில் வெளியே தொங்கவிடும் வகைக்குச் சொல்கிற பொது அறிவுரை. புரொப்பெல்லருக்கு வெகு முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த வகைக்கு அதைவிட முன்னே வரும் தண்ணீர் சுத்தமாக இருப்பதுதான் முக்கியம். ஓட்டிப் பார்த்தது இடப்புறம் என்று சொன்னது, இடப்புறத்தையே எடுத்துக்கொண்டோம்.

## ஒட்டுவதா, தொட்டி வைப்பதா

இடம் முடிவான பிறகு முறை. எபாக்ஸியில் நேரடியாக ஒட்டுவதில் தவறில்லை. சரிவு குறைந்த, உள்முகம் வழவழப்பான ஹல்லுக்கு அதுவே எளியது, பராமரிப்பே வேண்டாம். சிலிக்கானும் படகு அடைப்புப் பசைகளும் மட்டும் கூடாது. அவை ரப்பர் போல மென்மையாக இருந்து ஒலியைத் தணித்துவிடும்.

இந்தப் படகில் சரிவு 18 டிகிரி. நேராக ஒட்டினால் பக்கின் முகம் 18 டிகிரி பக்கவாட்டில் பார்க்கும். இந்தப் பக்கின் 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை மொத்தம் சுமார் 20 டிகிரி அகலம், அதாவது நடுவிலிருந்து இருபுறமும் 10 டிகிரி. படகுக்கு நேர் கீழே உள்ள இடம் முக்கியக் கற்றைக்கு வெளியே விழுந்துவிடும். கடலடி சாய்வாகப் பார்க்கப்படுவதால் கோடு தடித்து மழுங்கும், திரையில் மீனைக் காட்டும் வளைவு சரியாக உருவாகாது. 50 கிலோஹெர்ட்ஸின் அகலமான கற்றை இதை ஓரளவு மன்னிக்கும், ஆனால் உரிமையாளர் பார்ப்பது பெரும்பாலும் 200தான்.

ஆகவே திரவம் நிரப்பிய தொட்டி. ஹல்லில் ஒரு உருளை ஒட்டி, உள்ளே திரவம் ஊற்றி, பக்கைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டால் முகம் நேர் கீழே பார்க்கும். ஹல்லின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே ஒலிவேகமுள்ள திரவம் இருப்பதால், நடுவில் ஃபைபரைச் சாய்வாகக் கடந்தாலும் கற்றை தன் திசையை இழப்பதில்லை, சற்றே நகர்ந்து வெளிவரும். 22 டிகிரி வரை சரிவைச் சரிசெய்யும் ஆயத்த உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. எங்களிடம் இருந்த பக்குக்கு அவை பொருந்தாததால் ஃபைபர் உருளையை நாங்களே செய்தோம்.

திரவமாகத் தண்ணீரே போதாதா என்று கேட்டார். சோதனைக்குப் போதும். நாளடைவில் ஆவியாகும், பாசி பிடிக்கும், குளிர்ப் பகுதியில் உறையும். நச்சுத்தன்மையற்ற புரொப்பிலீன் கிளைக்காலைத் தேர்ந்தோம். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. பில்ஜில் கசியக்கூடிய இடத்தில் அதை வைக்க வேண்டாம்.

## பொருத்திய விதம்

பில்ஜில் எண்ணெய்ப் பிசுக்கு எப்போதும் இருக்கும். அதனால் முதலில் கரைப்பானால் துடைப்பு, பிறகுதான் 80 எண் தாளால் தேய்ப்பு. வரிசை மாறினால் பிசுக்கையும் சேர்த்து ஃபைபருக்குள் தேய்த்து இறக்கிவிடுவோம். பெயின்ட் முழுதும் போய் வெறும் ஃபைபர் தெரியும் வரை தேய்த்து, தூசியை எடுத்து, மறுபடி துடைத்துக் காயவிட்டோம்.

தொட்டியின் தரையாக அமையப்போகும் வட்டத்துக்குள் நெசவுக் குழிகளை நிரப்புவது இந்த வேலையிலேயே முக்கியமான பகுதி. குழிகளை அப்படியே விட்டுத் திரவம் ஊற்றினால் ஒவ்வொரு குழியிலும் ஒரு காற்றுத்துளி ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மெதுவாக இறுகும் ஹார்ட்னரைச் சேர்த்த எபாக்ஸியைக் குச்சியால் நிதானமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பிக் குமிழிகள் மேலே வரக் காத்திருந்து, குட்டையான தூரிகையால் நெசவுக்குள் அழுத்தித் தேய்த்தோம். மிஞ்சிய குமிழிகளை ஊசியால் குத்தினோம். ஒரே தடவையில் தடிமனாக ஊற்றவில்லை. எபாக்ஸி பெருந்திரளாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புதுக் குமிழிகளை உண்டாக்கும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை, கண்ணாடி போல வழவழப்பாகும் வரை.

உருளையின் அடியை ஹல்லின் சரிவுக்கு வெட்டி, கெட்டியாக்கிய எபாக்ஸியில் உட்கார வைத்து, வெளிப்புறம் சுற்றி ஃபைபர் நாடா ஒரு அடுக்கு. உள்பக்கம் பிதுங்கிய எபாக்ஸியை ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்தாயிற்று. இறுகிய பிறகு வெறும் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டுக் கசிவு பார்த்தோம்.

பக் மூன்று திருகுகளில் மூடியிலிருந்து தொங்குகிறது. படகு நீரில், வழக்கமான சுமையோடு மிதக்கும்போது நீர்மட்டக் கருவி வைத்துத் திருகுகளைத் திருப்பிச் சமன் செய்தோம். ஓடும்போது அணியம் சற்றே எழும் என்பதால் நீளவாட்டில் மட்டும் மிதக்கும் நிலைக்கும் ஓடும் நிலைக்கும் இடையே நிறுத்தினோம். கிளைக்காலில் இறக்கும்போது பக்கைச் சாய்த்து, ஓரம் முதலில் நனையும்படி இறக்க வேண்டும். தட்டையாக இறக்கினால் முகத்தின் கீழே காற்று மாட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கேபிள் எஞ்சின் ஒயர்களை விட்டு எதிர்ப்பக்கம் போனது. வி.எச்.எஃப். வானொலியின் ஆன்டெனா கேபிளிலிருந்தும் தள்ளியே கொண்டுபோனோம். மிச்ச நீளத்தை வெட்டவில்லை.

## விளைவு

அதே 55 மீட்டர் இடத்தில் கையால் கெயின் குறைத்தபோது 45 சதவீதம் வரை கடலடி நின்றது. நேரடியாக நீரில் தொங்கவிட்ட 35 வரவில்லை. வரும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை. எஞ்சினை அணைத்து மிதந்தபோது 75 மீட்டரில் 200 கிலோஹெர்ட்ஸ் கோடு தெளிவாக இருந்தது. ஆழம் அறிய, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி ஒப்பிட்டோம். நீர்மட்டத்திலிருந்து பக்கின் முகம் வரையுள்ள தூரத்தைத் திரையின் அமைப்பில் சேர்த்த பிறகு கயிறும் திரையும் ஒத்துப்போயின.

அமைதியான நீரில் 24 நாட்டிலும் கோடு அறுபடவில்லை. குறுக்கலையில் படகு குதிக்கும்போதும் கூர்மையாகத் திரும்பும்போதும் சில நொடிகள் போய் வருகிறது. பின்னோக்கி ஓட்டினால் புரொப்பெல்லர் கிளப்பும் நுரை ஹல்லுக்கு அடியில் வருவதால் முழுக்கப் போய்விடுகிறது. இவற்றைக் குறை என்று நாங்கள் கணக்கிடவில்லை. பொய்யான 1.2 மீட்டர் அதன்பின் வரவில்லை. திரை கடலடியை இழந்ததும், படகுக்கு அருகிலேயே திரும்பி வரும் ஒலிக்குழப்பத்தைக் கடலடி என்று எடுத்துக்கொண்டதே அந்த எண்ணின் பிறப்பு.

இரண்டு விஷயங்களை உரிமையாளர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. திரையின் மேற்பகுதியில் ஒரு மீட்டர் அளவுக்குத் தடித்த குழப்பக் கோடு எப்போதும் இருக்கும். ஹல்லுக்குள்ளும் தொட்டிக்குள்ளும் ஒலி எதிரொலிப்பதன் விளைவு அது. கரைக்கு ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் இந்த எண்ணை நம்பிப் படகை ஓட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னோம். மற்றொன்று வெப்பநிலை. பக்கிலுள்ள உணர்வி இப்போது தொட்டித் திரவத்தைத்தான் அளக்கிறது, கடலை அல்ல. அதைத் திரையிலிருந்து நீக்கிவிட்டோம்.

## பின்னர் வந்த சிக்கல்

சில மாதங்களுக்குப் பிறகு மறுபடி அழைப்பு: கோடு மெலிந்துவிட்டது, நின்ற நிலையிலும்தான். நின்றபோதே மெலிகிறது என்றால் பாதை உள்ளே அடைபட்டிருக்கிறது, வெளியே ஓடும் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்தால் கிளைக்கால் மட்டம் இறங்கிப் பக்கின் முகத்தின் ஒரு பாதி காற்றில் இருந்தது. டிரெய்லரில் படகு சாய்ந்து நிற்கும்போது மூடியில் கேபிள் நுழையும் இடத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வழிந்திருக்கிறது. கேபிளை இறுக்கிப் பிடித்துக் கசிவை அடைக்கும் வகை கிளாண்டை அங்கே போட்டு, திரவத்தை நிரப்பியதும் பழையபடி வந்தது. அதே நேரத்தில் வெளியேயும் பார்த்தோம். பக்குக்குக் கீழே சில கொட்டலசுகள் முளைத்திருந்தன. அவற்றைச் சுரண்டி, பாசி எதிர்ப்புப் பெயின்டை மெல்லிய பூச்சாக மட்டும் அடிக்கச் சொன்னோம்.

## மாற்றிச் செய்யக்கூடியவை

மூடி கழற்றாமலே மட்டம் தெரியும்படி உருளையில் ஒளி ஊடுருவும் ஒரு பட்டை வைத்திருக்கலாம். அடுத்த தொட்டிகளில் அப்படித்தான் செய்கிறோம். கேபிள் நுழைவை மூடியின் நடுவில் வைப்பதற்குப் பதில், படகு டிரெய்லரில் சாயும்போது மேலே நிற்கும் ஓரத்தில் வைப்பது இன்னும் எளிய தீர்வு.

ஸ்கூப்பை இடம் மாற்றியிருக்கலாமே என்று பின்னர் ஒரு கேள்வி வந்தது. அப்படிச் செய்தால் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளையை அடைத்து இன்னொன்றைப் போட வேண்டும். துளை போடுவதைத் தவிர்க்கத்தானே உரிமையாளர் உள்ளே பொருத்தும் வகைக்கே வந்தார். வேறு படகில், நல்ல இடம் வேறெங்கும் கிடைக்காவிட்டால், அதை யோசிக்கலாம்.

முதலில் ஒட்டியவர் தண்ணீர்ப் பையை வைத்துச் சில நிமிடம் பார்த்திருந்தால்கூட அந்த இடத்தின் குறை தெரிந்திருக்காது. நின்ற நிலையில் அந்த இடம் நல்ல இடமே. ஆகவே ஒட்டும் முன் சோதனை என்று நாங்கள் இப்போது சொல்வது வழக்கமான வேகத்தில், வழக்கமான சுமையோடு, திறந்த நீரில் ஓட்டிப் பார்ப்பதைத்தான். கரையில் கட்டிய படகில் செய்த சோதனையை வேலை ஏட்டில் பாதிச் சோதனை என்றே எழுதுகிறோம்.